லேக் பிளசன்ட்டிலிருந்து கிரவுன் கிங்: நாலு ஏ.டி.வி., ஒரு ராத்திரி. என்னென்ன பார்க்க வேண்டும்?

வெயில்காத்தான்:

வணக்கம். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கத்து நண்பர்கள் நாலு பேர் ஏ.டி.வி.களில் (ஹேண்டில்பார் வைத்த நாலுசக்கரக் காட்டு வண்டி) அக்டோபர் இரண்டாம் வாரம் பிராட்ஷா மலைக்குப் போகிறோம். லேக் பிளசன்ட் அருகே கௌ கிரீக் ரோடு பக்கம் டிரெய்லரை நிறுத்திவிட்டு, எஃப்.ஆர். 192 (காட்டுச்சாலை) வழியாகக் கிரவுன் கிங் மலையூருக்கு ஏறி, ஹார்ஸ்தீஃப் பேசினில் ஒரு ராத்திரி கூடாரம். மறுநாள் அதே வழியில் இறக்கம்.

வண்டிகள்: போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 இரண்டு (இரண்டும் கைமாறி வந்தவை, ஒன்று 2,100 மைல் ஓடியது), ஹோண்டா ஃபோர்மேன் 520 ஒன்று, நாலாவது வாடகை. மணல் ஓடைகளில் எல்லோருக்கும் பழக்கம் உண்டு. பாறைப் படிகள் புதிது.

கேட்க நினைப்பவை:

1. ஒரு டேங்க் பெட்ரோல் போய்வரப் போதுமா?
2. ஜீப்காரர்கள் டயர் காற்றைப் பாதியாக இறக்குகிறார்கள். நாமும் இறக்கவா?
3. தூசியில் நாலு வண்டி ஒன்றை ஒன்று தொலைக்காமல் போவது எப்படி?
4. அண்ணன் மகனுக்கு 10 வயது. பின் ரேக்கில் மெத்தை கட்டி உட்கார வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். சரியா?
5. அந்தத் தடத்தில் வழக்கமாக எது உடையும், என்ன கொண்டுபோக வேண்டும்?

---

மெசா_முத்து:

நாலாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். ரேக் சாமானுக்கு. ஏ.டி.வி. ஓட்டுவதில் ஹேண்டில்பார் பாதி, உடம்பைச் சாய்த்து எடை மாற்றுவது பாதி. பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் முப்பது கிலோ உட்கார்ந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தால் முதலில் அடியில் போவது பையன்தான். ஒற்றை இருக்கை வண்டியில் இன்னொருவரை ஏற்றுவது அரிசோனா சட்டப்படியும் குற்றம்.

பையனும் வரட்டும், ஆனால் வேறு வழியில். அண்ணன் எஸ்.யூ.வி.யில் ஐ-17 நெடுஞ்சாலையின் 259ஆம் எக்ஸிட்டில் இறங்கி, கிளீட்டர் வழியாக மேலே வரட்டும். அந்தக் காட்டுச்சாலையின் எண்ணும் 259தான், மறக்காது. கிரவுன் கிங் தங்கச் சுரங்கங்களுக்கு 1904இல் வந்து சேர்ந்த ரயில் தடத்தின் மேல் ஓடும் மண்சாலை அது. தண்டவாளத்தை 1920களிலேயே பெயர்த்துவிட்டார்கள். ரயில் ஏறிய தடம் என்பதால் சரிவு மென்மையாக இருக்கும். ஆனால் பாறையை வெட்டிப் போட்ட இடங்களில் ஒரு வண்டி அகலம்தான், வளைவில் எதிரே வருவது தெரியாது. காய்ந்த நாளில், அடிப்பக்கம் உயரமான எஸ்.யூ.வி. சிரமமில்லாமல் ஏறும். கூடாரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அதில் போனால் உங்கள் ரேக்குகள் காலி. பாறையில் அதைவிடப் பெரிய உதவி எந்தக் கடையிலும் கிடைக்காது.

பெட்ரோல் கணக்கு: பின்வழி (எஃப்.ஆர். 192) ஒரு பக்கம் சுமார் 28 மைல். ஹார்ஸ்தீஃப் பேசின், ஓரோ பெல் (பழைய சுரங்க ஊர்) என்று பக்கத்தில் எட்டிப் பார்ப்பதெல்லாம் சேர்த்து, போய்வர 70 மைல் என்று வையுங்கள். 570இன் டேங்க் 4.5 கேலன். லோ கியரில் பாறை ஏறும்போது கேலனுக்கு 12 முதல் 15 மைலுக்கு மேல் நம்பக்கூடாது. அதாவது 54 முதல் 67 மைல். போதாது. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு கேலன் தட்டைக் கேன், பின் ரேக்கில் தாழ்வாக, ஸ்ட்ராப் போட்டு. மேலே ஊர்க் கடையில் பெட்ரோல் கிடைக்கும், விலை கூடுதல். கடை திறக்கும் நேரத்தைக் கிளம்புமுன் போனில் கேட்டுவிடுங்கள், அதை நம்பி டேங்க்கைக் காலியாக்காதீர்கள். சூட்டில் ஏறி உயரத்தில் கேனைத் திறக்கும்போது ஆவி சீறும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கேனைத் தரையில் இறக்கி, மூடியை மெதுவாகத் திறக்கவும்.

நேரம்தான் பலரும் தப்புக் கணக்குப் போடும் இடம். 28 மைல் என்றதும் இரண்டு மணி நேரம் என்று தோன்றும். பாறைக்குப் புதியவர்கள் நாலு பேர் என்றால் ஐந்து முதல் ஏழு மணி. அக்டோபர் நடுவில் சூரியன் மறைவது மாலை 6 மணிக்குச் சற்று முன்பு. மலை மடிப்புக்குள் அரை மணி முன்னதாகவே இருட்டிவிடும். காலை 7:30க்குச் சக்கரம் உருள வேண்டும். பகல் 1 மணிக்குள் வழியிலுள்ள ஃபோர்ட் மிசரி தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவது என்று முதல் நாளே பேசி முடிவெடுங்கள். மதியம் வெயிலில் நின்று வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" கட்சிதான் ஜெயிக்கும்.

ஏரிக்கரை சுமார் 1,700 அடி, கிரவுன் கிங் 5,700 அடிக்கு மேல். கீழே சவாரோ கள்ளி, மேலே பைன் மரம். ஆயிரம் அடிக்கு மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் குறையும். கீழே 90 என்றால் மேலே 76. ராத்திரி 40களுக்கு இறங்கலாம். வேர்வையில் நனைந்த சட்டையோடு கூடாரத்துக்குள் போகாதீர்கள்.

காகிதங்கள்: ஓ.எச்.வி. டீக்கல் (காட்டுத்தட வண்டிக்கான அனுமதி ஸ்டிக்கர்) ஒவ்வொரு வண்டிக்கும் வேண்டும். மண்சாலைதானே என்று நினைக்காதீர்கள், கவுன்ட்டி பராமரிக்கும் மண்சாலைக்கும் நம்பர் பிளேட், காப்பீடு, ஹார்ன், கண்ணாடி, லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வாடகை வண்டிக்கு ஒப்பந்தத்தில் எந்தத் தடங்களுக்குத் தடை என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஹெல்மெட் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். சட்டம் கிடக்கட்டும், எல்லோரும் போடுங்கள். கண் காப்பு, காற்றுத்தடுப்பு இல்லாத வண்டியில் எல்லோருக்கும் கட்டாயம்.

---

கருங்குருவி:

டயரும் பெல்ட்டும் என் பங்கு.

ஜீப் டயர் சாலையில் 35 பி.எஸ்.ஐ.யில் ஓடுவது. பாறைக்கு அதை 15க்கு இறக்குகிறார்கள். ஏ.டி.வி. டயர் கடையை விட்டு வரும்போதே 5 முதல் 7தான். அதைப் பாதியாக்கினால் 3. அந்த அழுத்தத்தில் பாறை விளிம்பில் மோதினால் டயர் ரிம்மோடு நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும், இல்லாவிட்டால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வண்டி ஸ்டிக்கரில் உள்ள எண்ணிலிருந்து ஒன்று கூட்டுங்கள், குறைக்காதீர்கள். ரேக்கில் சுமை இருந்தால் பின்சக்கரத்துக்கு இன்னும் ஒன்று, டயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டாமல்.

இதில் பெரும்பாலோர் கோட்டை விடுவது உயரத்தை. 1,700 அடியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 13.8 பி.எஸ்.ஐ., 5,800 அடியில் 11.9. கீழே 6 வைத்துப் போனால் மேலே கேஜ் கிட்டத்தட்ட 8 காட்டும், குளிர்ந்த காலையில் 7 சொச்சம். வண்டி துள்ளுகிறதே என்று மேலே திறந்து 5 ஆக்கினால், மறுநாள் இறங்கி அடிவாரம் வரும்போது அது 3 சொச்சம். மிக மோசமான பாறை நொறுங்கல்களில் காற்றில்லாமல் நிற்பீர்கள். மேலே குறைத்தால் இறங்கும் வழியில் பாதியில் ஒருமுறை நிறுத்தி ஏற்றுங்கள். கார் கேஜ் இதற்கு உதவாது, 10க்குக் கீழே அது சொல்வது ஊகம். 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்தக் கேஜ் வாங்குங்கள்.

பஞ்சர் பை: கயிறு பிளக் குறைந்தது 15, துளை அரம், ரப்பர் சிமென்ட், வால்வு ஊசி இரண்டு, 12 வோல்ட் சிறு கம்ப்ரஸர். அதன் வயர் உங்கள் வண்டியின் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா, ஃப்யூஸ் தாங்குமா என்று வீட்டில் ஒரு டயரை முழுதாகக் காலி செய்து ஏற்றிப் பாருங்கள். காட்டுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். சின்ன கார்பன் டையாக்ஸைடு குப்பிகளை நம்ப வேண்டாம், மிதிவண்டிக்குச் சரி, 25 அங்குல டயருக்கு ஒன்று கொசுக்கடி. பக்கச்சுவர் கிழிந்தால் மூன்று நாலு கயிற்றை ஒரே ஓட்டையில் திணித்து மெதுவாக ஊர்ந்து வெளியேறலாம், அவ்வளவுதான். டயர் ரிம்மை விட்டுக் கழன்றால்: விளிம்பில் ஒட்டிய மணலைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரின் சுற்றளவில் ராட்செட் ஸ்ட்ராப்பை (நெம்பி இறுக்கும் பட்டை) சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்கினால் இரு ஓரமும் ரிம்மைத் தொடும், அப்போது காற்று அடித்தால் பட்டென்று உட்காரும். உட்கார்ந்ததும் ஸ்ட்ராப்பைத் தளர்த்தவும். ஸ்ப்ரேயைத் தெளித்து நெருப்பு வைத்து உட்கார வைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த காட்டில் அது வேண்டாத விஷப்பரீட்சை.

பெல்ட்: ஃபோர்மேனில் பற்சக்கர கியர், கவலையில்லை. 570களில் ரப்பர் பெல்ட். அது சாவது பெரும்பாலும் ஹை கியரில் பாறை ஏறுவதால். சக்கரம் நின்று எஞ்சின் முறுக்கும் அந்த இரண்டு மூன்று நொடியில் புல்லி ஒரே இடத்தில் தேய்த்துப் பெல்ட்டை எரிக்கிறது. மணிக்கு 10 மைலுக்குக் கீழே ஊர்கிறீர்கள் என்றால் லோ. படியைத் தொடும்முன் லோ. படியில் மாட்டிக்கொண்ட பிறகு அல்ல. எரிந்த ரப்பர் வாடை வந்தால் நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஐந்து நிமிஷம் விசிறிக் காற்று உள்ளே போகட்டும். ஓடையில் தண்ணீர் புகுந்து வழுக்கினால் வடிகால் அடைப்பைக் கழற்றி வடித்து, நியூட்ரலில் லேசாக முறுக்கி உலர்த்துங்கள்.

2,100 மைல் ஓடிய வண்டிக்கு இப்போதே புதுப் பெல்ட் போடுங்கள். முதல் 50 மைல் ஊருக்குப் பக்கத்தில் அடக்கமாக ஓட்டிப் பழக்கி, கழற்றிய பழையதை (விரிசல் இல்லையென்றால்) ஸ்பேராகக் கொண்டுபோங்கள். ஒருமுறை வீட்டிலேயே மாற்றிப் பார்த்துவிட்டால், எந்த ஸ்பானர் பற்றாது, எந்தப் போல்ட் எட்டாது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தடத்தில் அறுந்து மாற்ற நேர்ந்தால், உள்ளே சிக்கிய நூலை எல்லாம் பிடுங்கி எடுத்த பிறகுதான் புதுசைப் போட வேண்டும். புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட நூல் ஆயில் சீலை அறுக்கும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையில்.

இனி உடைபவை, நடக்கும் வரிசையில். ஏர் ஃபில்டர் அடைபடும். மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கினால் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்படும்முன் அதைத் திறந்து பாருங்கள். எண்ணெய் தடவிய மாற்று ஃபில்டர் ஒன்று ஜிப் பையில் போகட்டும். ரேடியேட்டர் தூசியிலும் புல் விதையிலும் அடைத்து, ஊர்ந்து ஏறும்போது சூட்டு விளக்கு எரியும், பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சி.வி. பூட் (அச்சு மூட்டின் ரப்பர் உறை) குச்சி குத்திக் கிழியும்: துடைத்து, தானாக ஒட்டும் சிலிக்கோன் டேப் சுற்றி, ஜிப் டை போட்டு வீடு திரும்பலாம். டை ராட் (முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி) வளைந்து முன்சக்கரங்கள் வாத்துக்கால் ஆகும். இரண்டு சக்கரத்துக்கும் இடையில் ராட்செட் ஸ்ட்ராப் போட்டு இழுத்தால் ஊர்ந்து போகிற அளவுக்கு நேராகும். ஃபோர்மேனின் பின் அச்சு ஒரே துண்டு, சக்கரத்தோடு மேலே ஏறாது, நடுப்பாறையில் உட்காரும். ஆழமான சக்கரத் தடங்களில் சக்கரத்தைப் பள்ளத்தில் விடாமல் மேட்டின் மேல் ஏற்றி ஓட்டச் சொல்லுங்கள்.

---

செம்மண்:

முத்து அண்ணா சொன்னதுல ஒரே ஒரு இடத்துல மாறுபடுறேன். அதே வழில இறங்காதீங்க.

ரெண்டாம் நாள் கை கால் சோர்ந்திருக்கும், கீழ இறங்குறது தெற்குப் பக்கம், மதியத்துக்கு மேல அக்டோபர் வெயில் நேரா கண்ணுல, முன்னாடி போற வண்டியோட தூசி அந்த வெளிச்சத்துல வெள்ளைத் திரை மாதிரி நிக்கும். படி எங்க முடியுதுன்னே தெரியாது. ஏறும்போது படி முகத்துக்கு நேரா தெரியும், இறங்கும்போது விளிம்பு மட்டும்தான் தெரியும். முதல் நாள் சாயங்காலமே ஒரு டிரக்கையும் டிரெய்லரையும் ஐ-17 பக்கம் விட்டுடுங்க. பின்வழில ஏறி, எஃப்.ஆர். 259ல இறங்குங்க. பிளேட் இருக்கிற வண்டிக்குத்தான் இது ஆகும், வாடகை வண்டிக்கு பிளேட் இருக்கான்னு பாருங்க. அந்த ரோட்ல ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் நிறைய, காலைல சீக்கிரம் இறங்கிடுங்க.

அப்படியே இறங்கித்தான் ஆகணும்னா: லோ கியர், எடை பின்னால, பின்பிரேக் லேசா, முன்பிரேக்கை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க. 570ல எஞ்சின் பிரேக்கிங் இருக்கிற மாடலான்னு பாருங்க. இல்லாத மாடல்ல ஆக்ஸிலரேட்டரை முழுசா விட்டா கிளட்ச் விட்டுக்கொடுத்து வண்டி சும்மா உருளும், துளி ஆக்ஸிலரேட்டர் வெச்சுக்கிட்டே பிரேக் பிடிக்கணும்.

ஏத்தத்துல எஞ்சின் நின்னா ரிவர்ஸ்ல உருட்டி இறங்கப் பாக்காதீங்க, கவிழுற இடம் அதுதான். பிரேக் ரெண்டும் பிடிச்சு, பார்க் போட்டு, மேட்டுப் பக்கமா இறங்குங்க. பின்னால இருக்கிறவர் வந்து கல் வைக்கட்டும்.

தூசி பத்தி. முன்னாடி வண்டியோட தூசி விலகின பிறகுதான் அடுத்தவர் போகணும், அது கால் மைல் இடைவெளியானாலும் சரி. இடைவெளி விட்டா ஒருத்தர் தப்பான பிரிவுல திரும்பிடுவார்னு பயம் வரும், அதுக்கு ஒரு விதி போதும்: ஒவ்வொரு பிரிவுலயும் நீங்க நிக்கணும், உங்க பின்னால வர்றவர் உங்களைப் பாத்து கை காட்டின பிறகுதான் கிளம்பணும். எல்லாரும் அவரவர் பின்னால இருக்கிற ஒரே ஒருத்தருக்கு மட்டும் பொறுப்பு. மேப் வெச்சிருக்கிறவர் முதல்ல, அனுபவம் குறைஞ்சவர் ரெண்டாவது, டூல்ஸும் வின்ச்சும் (கயிறு சுத்தி இழுக்கிற மோட்டார்) இருக்கிற வண்டி கடைசி. கடைசி ஆளை நடுவுல மாத்தாதீங்க. படி ஏறும்போது ஒரு நேரத்துல ஒரே வண்டி, மத்தவங்க உருண்டு வர்ற பாதைக்கு வெளிய.

எதிர்ல வர்றவங்களுக்குக் கை விரல்ல உங்க பின்னால எத்தனை வண்டின்னு காட்டணும், கடைசி ஆள் மூடின முஷ்டி. ஏறி வர்றவருக்கு இறங்குறவர் வழி விடணும். குதிரை வந்தா ஓரமா நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, ஹெல்மெட்டைக் கழட்டி, குரல் குடுங்க. குதிரைக்கு ஹெல்மெட் போட்ட ஆள் ஆளே இல்ல.

மலைக்குள்ள செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. எஃப்.ஆர்.எஸ். வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனா ஒரு மலை முதுகு தாண்டினா செத்துப்போயிடும். ஜி.எம்.ஆர்.எஸ். கைரேடியோ 5 வாட், லைசென்ஸ் 35 டாலர், பத்து வருஷத்துக்கு, பரீட்சை கிடையாது, வீட்ல எல்லாருக்கும் அதே ஒண்ணு போதும். நண்பர்கள் அவரவருக்குத் தனியா எடுக்கணும். சாட்டிலைட்ல எஸ்.ஓ.எஸ். அனுப்புற கருவியோ போனோ குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும், அதுவும் உடம்போட. கவிழ்ந்த வண்டியோட ரேக்ல இருந்தா யாருக்கும் உதவாது. ஃபாரஸ்ட் சர்வீஸோட மோட்டார் வாகன மேப் இலவசம், எந்தத் தடம் எந்த வண்டிக்குத் திறந்திருக்குன்னு அதுலதான் சட்டப்படி இருக்கு. வீட்ல வைஃபைல இறக்கி வெச்சுக்கிட்டு, ஏரோப்ளேன் மோட்ல திறக்குதான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

நெருப்பு. 2012 மே மாசம் கிளாடியேட்டர் தீ கிரவுன் கிங்லதான் ஆரம்பிச்சு சுமார் 16,000 ஏக்கர் எரிச்சது. சைலன்சர்ல ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறியைத் தடுக்கிற வலை) இருக்கணும், காய்ஞ்ச புல் மேல சூடான வண்டியை நிறுத்தக்கூடாது, ஸ்கிட் பிளேட்டுக்கும் (வண்டிக்கு அடியில இருக்கிற காப்புத் தகடு) எஞ்சினுக்கும் நடுவுல சிக்கின புல்லை ஒவ்வொரு நிறுத்தத்துலயும் உருவி எடுங்க. கேம்ப்ஃபயர் தடை இருக்கான்னு கிளம்புற அன்னைக்கே பாருங்க, அது வாரத்துக்கு வாரம் மாறும்.

---

வெயில்காத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ரேக் யோசனை கைவிடப்பட்டது, அண்ணன் எஸ்.யூ.வி.யில் வருகிறார். வாடகை வண்டிக்கு பிளேட் உண்டு, அதனால் செம்மண் சொன்ன வழியிலேயே இறங்கப் பார்க்கிறோம்.

இன்னும் இரண்டு. தூசிக்கு முகத்தில் என்ன கட்டுவது, அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வேறு. ஒரு வண்டி நடுவழியில் ஒரேயடியாக நின்றுவிட்டால் இழுத்துப் போவதா, விட்டுவிட்டுப் போவதா?

---

தணிகை:

தூசியை எரிச்சல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிசோனா மண்ணில் கோக்ஸிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது, அதன் வித்துகள் தூசியோடு நுரையீரலுக்குள் போனால் வருவது வேலி ஃபீவர். பலருக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மாதக்கணக்கில் போகாத அசதி. சர்க்கரை நோய், கர்ப்பம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, இவை உள்ளவர்களுக்கு அது தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். அண்ணன் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை உள்காற்று சுழற்சியில் வைத்து, வண்டிகளுக்குப் பின்னால் வராமல் தனியாக வரட்டும். ஓட்டுபவர்களுக்கு முகத்தோடு ஒட்டும் என்95. கைக்குட்டை மணலைத் தடுக்கும், வித்தைத் தடுக்காது. என்95ம் முழுத் தடுப்பு அல்ல, தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். முன் வண்டியின் தூசிக்குள் போகாமல் இருப்பதுதான் உண்மையான முகமூடி. நவம்பரில் யாருக்காவது இருமல் விடாமல் பிடித்தால் "வேலி ஃபீவர் பரிசோதனை வேண்டும்" என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். பல நேரம் அது சாதாரண நிமோனியா என்றே போய்விடுகிறது.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர். இது குடிக்க மட்டும். எஸ்.யூ.வி. வேறு வழியில் வருவதால் முதல் நாள் தண்ணீர் முழுவதும் உங்கள் வண்டிகளிலேயே இருக்க வேண்டும், கூடவே ஒரு ராத்திரி தடத்திலேயே மாட்டிக்கொண்டால் தாங்கும் அளவுக்கு ஆளுக்கு 2 லிட்டர். வறண்ட காற்றில் வேர்வை சட்டையில் தெரியாது. தலைவலி வந்தபின் குடிப்பது தாமதம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் உப்பு இறங்கிக் குமட்டும், நடுவில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புக்கடலை. சாப்பாட்டுக்குப் புளிசோறு. தயிர்சாதம் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ரேக் பெட்டிச் சூட்டில் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும்.

சோயா கள்ளி (cholla, குதிக்கும் கள்ளி என்று பெயர் வாங்கியது) பட்டால் கையால் பிடுங்காதீர்கள், அந்தக் கையிலும் ஏறிவிடும். அகலப் பல் சீப்பை உடம்புக்கும் கள்ளி உருண்டைக்கும் நடுவில் நுழைத்துத் தட்டிவிட வேண்டும், மீதி முள்ளுக்கு இடுக்கி. சீப்பு எல்லோர் பையிலும் ஒன்று. விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில் ஸ்நேக்) அக்டோபரிலும் வெளியே இருக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்ச் கழற்றி, ஆட்டாமல், உடனே எஸ்.ஓ.எஸ். அழுத்தி வெளியேற்றுங்கள்.

பழைய சுரங்க வாய்கள் தடத்தோரம் நிறைய. எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே கெட்ட காற்று இருப்பது மூக்குக்குத் தெரியாது, வாய்ப்பகுதியே இற்று விழும். பக்கத்தில் சாம்பல், மஞ்சள் நிறத்தில் புல் முளைக்காத மேடு இருந்தால் அது சுரங்கக் கழிவு, ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கலாம். அதன் மேல் ஏறி விளையாட வேண்டாம்.

பருவமழை செப்டம்பர் முடிவோடு போய்விடும் என்றாலும், பசிபிக் புயலின் மிச்சம் அக்டோபரில் வருவதுண்டு. உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் வரும். மணல் ஓடையில் கூடாரம் போடாதீர்கள், சாப்பிடவும் நிறுத்தாதீர்கள்.

---

கருங்குருவி:

இழுப்பது பற்றி. முதலில் வின்ச். ஏ.டி.வி.க்கு 2,500 முதல் 3,500 பவுண்டு வின்ச், செயற்கை இழைக் கயிறு. பாறை விளிம்பில் உரசினால் அந்தக் கயிறு கத்தி பட்ட மாதிரி போகும், அடியில் பழைய ஜீன்ஸ் துணி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும், விட்டு விட்டு இழுங்கள். சவாரோவில் கட்டாதீர்கள். வேர் ஆழமில்லை, பல டன் எடை, மேலே விழும். விழாவிட்டாலும் சட்டம் விடாது. பாறையைச் சுற்றி ஸ்லிங், அல்லது பிரேக் பூட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்த இன்னொரு வண்டி. கயிற்றின் நடுவில் ஒரு ஜாக்கெட் போர்த்துங்கள், இழுக்கும்போது யாரும் தாண்டக்கூடாது.

கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தியதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் ஆயில் ஏர்பாக்ஸுக்கும் சிலிண்டருக்கும் போயிருக்கலாம். பத்து நிமிஷம் சமதளத்தில் நிற்கட்டும். ஏர்பாக்ஸ் வடிகாலைத் திறந்து பார்த்து, ஆயில் அளவு பார்த்து, ஸ்டார்ட்டர் முட்டி நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுற்றி ஆயிலைத் துப்ப விடுங்கள். பிளக் ஓட்டைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

ஒரேயடியாக நின்றுவிட்டால், சமமான ஓடைப் பகுதியில் இழுக்கலாம், படிகளில் கூடாது. பட்டை ஸ்ட்ராப் 15 முதல் 20 அடி, இரண்டு பக்கமும் தாழ்வான ஃப்ரேமில், ரேக்கிலோ பம்பரிலோ அல்ல. 570 கட்டாயம் நியூட்ரலில். கியரில் போட்டு இழுத்தால் பெல்ட்டும் போகும். மணிக்கு 10 மைலுக்கு மேல் வேண்டாம். இழுபடும் வண்டியில் ஆள் இருந்து பிரேக் பிடித்து ஸ்ட்ராப்பை இறுக்கமாகவே வைத்திருக்க வேண்டும். தொய்ந்தால் முன்சக்கரத்தடியில் சுற்றிக்கொள்ளும். இறக்கத்தில் பின்னாலிருந்து இன்னொரு வண்டி ஸ்ட்ராப்பில் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

படிகளுக்கு நடுவே என்றால் தடத்தை விட்டு ஓரமாகத் தள்ளி, லாக் போட்டு, ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துக்கொண்டு, அந்த ஓட்டுநரை நடக்க விடாமல் ஏற்றிப் போவதுதான் வழி. ஒற்றை இருக்கையில் இரண்டு பேரா என்று கேட்பீர்கள். அதனால்தான் யாரும் நடுவில் மாட்டிக்கொள்ளும்முன், 570களில் ஒன்றை அடகு வைத்தாவது, வாடகைக் கடையில் நாலாவதாக இரட்டை இருக்கை மாடலைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே பின்னால் வின்ச் கொக்கி மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.